டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைக்குக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தால்: படிப்படியான விளக்கம்

காய்ச்சலில் படுத்த குழந்தை உணவை ஒதுக்கும்போது, சாப்பிடாத பிள்ளைக்கு இன்சுலின் ஊசி எதற்கு என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் டைப் 1 சர்க்கரை நோயில் இதைவிட ஆபத்தான எண்ணம் வேறில்லை. நோயை எதிர்க்கும் உடலில் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடுவதால், உணவே இல்லாதபோதும் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுகிறது. அந்நேரத்தில் இன்சுலினும் குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்க, இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் சேர்கிறது.

முதல் படியைக் குளிர்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். நோய்நாள்களில் இன்சுலினை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கீட்டோனைச் சோதிக்கும் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நீண்டநேரம் செயல்படும் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் அளவு கூடலாம், வாந்தி பேதியில் குறையலாம். எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, சர்க்கரையைப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்த பின் குத்தினால் இரத்தம் எளிதாக வரும். சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று கீட்டோன் சோதனையை விட்டுவிடக் கூடாது. சாப்பிடாத குழந்தைக்குச் சர்க்கரை ஏறாமலேயே கீட்டோன் ஏறக்கூடும். இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது இயல்பு, அதைத் தாண்டினால் எழுதி வாங்கிய திட்டத்தைப் பின்பற்றுங்கள், 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவமனைதான். சிறுநீர்ப் பட்டை சற்று முந்தைய நிலையையே காட்டும் என்பதால், முடிந்தவர்கள் இரத்தச் சோதனைக் கருவியை வைத்துக்கொள்வதே நல்லது.

நான்காவது, நீர். ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறுசிறு மிடறாகக் கொடுங்கள். சர்க்கரை உயர்ந்திருந்தால் இனிப்பில்லாத பானம், இறங்கிக்கொண்டிருந்தால் இனிப்பான பானம்.

வாந்தி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை, அளவுமீறிய தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். அந்த மூச்சை நெஞ்சுச்சளியால் வந்தது என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. ஆகவே மருத்துவமனையில் நுழைந்ததும் குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பதையும், கடைசியாகப் பார்த்த கீட்டோன் அளவையும் முதலில் சொல்லுங்கள்.