காவடி முடிந்ததும் அரிவாளை எடுங்கள்

மொரீசியசில் கோடை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். இங்கே வெயில், மழை, புயல் மூன்றும் கைகோத்துத்தான் வரும். அதிக மழை பிப்ரவரியில். கத்ர் போர்ன் ஊரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், தைப்பூசக் காவடிக்குப் பூப்பறித்து முடித்த மறுவாரமே இறங்கிவிடுவேன். அந்தப் பருவத்தில் நடுவதற்கு அவசரமில்லை, வெட்டுவதற்குத்தான் அவசரம்.

முதல் வெட்டு முருங்கைக்கு. அதன் கீரையை இங்கே எல்லோரும் ‘பிரெட் முரும்’ என்கிறார்கள். முருங்கை என்ற நம் சொல்தான் இங்கே பேசும் கிரியோல் மொழிக்குள் குடியேறியிருக்கிறது. முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்ன பழமொழியின் அந்தப் பாதி சரி. பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் மறுபாதியை, முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்த நான் ஏற்கவில்லை. ஒரு வருடம் சோம்பலில் மரத்தை விட்டுவைத்தேன். புயல்கூட வரவில்லை, வெறும் காற்றுதான். பாதி மரம் முறிந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பிளந்துவிட்டது.

உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குங்கள். ஒவ்வொரு கிளையிலும் முதலில் அடிப்பக்கத்தில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். அந்தக் கீறல் இல்லாவிட்டால், கிளை தன் பாரத்தில் சாயும்போது பட்டையை முழநீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். கடைசி வெட்டு நெஞ்சுயரத்தில், சாய்வாக இருக்கட்டும். தட்டையாக வெட்டினால் பஞ்சு போன்ற தண்டில் மழைநீர் தேங்கி அழுகும். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை முழுக் கை நீளத்துக்கு நறுக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுக் காயம் உலர்ந்த பிறகு ஊன்றுங்கள். வெட்டிய ஈரத்தோடு ஊன்றியவை எனக்கு ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

லிச்சிக்கும் மாமரத்துக்கும் வேறு கணக்கு. லிச்சி கிறிஸ்துமஸோடு ஓய்ந்துவிடும், மாங்காய் அதற்குப் பின்னும் வரும். காய் முடிந்த உடனே கவாத்து செய்துவிட வேண்டும். குளிர்மாதங்களில் பழைய, முற்றிய கிளை நுனியில்தான் பூ பிடிக்கும். ஏப்ரலில் வெட்டி உரமும் போட்டால் மரம் குளிரிலும் இளந்தளிர் விட்டுக்கொண்டிருக்கும். இலையைப் பார்த்துக்கொண்டு அடுத்த டிசம்பரில் சந்தையில் லிச்சி வாங்க வேண்டியதுதான்.

வாழைக்குக் காய்ந்த இலைகளை அகற்றி, குலை சாயும் பக்கம் மூங்கில் முட்டுக் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பச்சை இலைகளிலும் பாதியை வெட்டிவிடுங்கள். மனது வராதுதான். ஆனால் காற்றுக்குப் பிடிகொடுக்காத வாழை நிற்கும்.

இனி மொட்டைமாடி. 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்த பிறகு தகர வீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் பெருகின. கூரை பறக்காது, ஆனால் தண்ணீர் தங்கும். வடிகுழாய் வாயில் மாவிலை அடைத்திருந்தால் ஒரு வாரத்தில் கொசு பறக்கும். 2006லும் 2025லும் சிக்குன்குனியா பட்ட ஊருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூந்தொட்டித் தட்டுகளை எல்லோரும் கவிழ்ப்பார்கள். வெட்டிய மூங்கில் அடிக்கட்டையை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டையும் ஒரு குவளைதான். கணுவை ஒட்டி வெட்டுங்கள், இல்லாவிட்டால் மணலை நிரப்பிவிடுங்கள்.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். மண் தெரிந்தால் மழை அரித்துவிடும். நத்தைகளை இரவு மழை விட்டதும், டார்ச் விளக்கோடு, கையுறை போட்டுப் பொறுக்குங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் நோய்ப்புழுவைச் சுமக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. உப்பைத் தூவுகிறவர்கள் நத்தையோடு மண்ணையும் கெடுக்கிறார்கள்.

கொத்தமல்லி விதைப்பொட்டலத்தை ஏப்ரல் வரை அலமாரியில் பூட்டி வையுங்கள். மார்ச்சிலேயே கை அரித்துத் தூவினேன் ஒருமுறை. இரவு பெய்த மழையில் விதை அத்தனையும் வேலிக்கு அப்பால் போய், பக்கத்து வீட்டு வாய்க்கால் ஓரத்தில் செழிப்பாக முளைத்தது. அந்த அம்மா எனக்கே ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.