வேறொருவர் பார்சல் நம் வீட்டுக்கு வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி வீட்டுக்கு மெயின்டனன்ஸ் ரசீது கொடுக்கப் போயிருந்தேன். செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி. அதன் மேல் துணிக்கடைப் பை, குடை, ஹெல்மெட். பெட்டியின் ஒரு மூலை ஈரத்தில் ஊறியிருந்தது.

"யாரோடது தம்பி?"

"தெரியல ஆன்ட்டி. நம்ம ஃப்ளாட் நம்பர்தான் போட்டிருக்கு, பேர் வேற. கேட்டு வருவாங்கன்னு வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரம் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தம்பி மேல் கோபமில்லை. அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

பெங்களூரு பி.டி.எம். லேஅவுட் முதல் ஸ்டேஜில் 48 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. ஒன்பது வருடமாக இங்கே பார்சல் நோட்டு என் பொறுப்பு. கேட்டில் வரும் பெட்டிகளில் வாரத்துக்கு இரண்டு மூன்றாவது எங்களுடையதாக இருக்காது. புதிதாக வரும் குடித்தனக்காரர்களும் புதிதாக வரும் செக்யூரிட்டிகளும் ஒரே தவறுகளைத்தான் வரிசையாகச் செய்கிறார்கள். பிரித்துப் பார்க்கக்கூடாது, குப்பையில் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நல்லவர்கள் நல்ல மனதோடு செய்யும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லேபிளைப் பாதியில் படித்து நிறுத்துவது

இந்த ஊரில் வீட்டு எண்ணை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது. மெயின், கிராஸ் என்று தெருக்களுக்குப் போடும் எண்கள் ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். பி.டி.எம். என்பதே பைரசந்திரா, தாவரகெரே, மடிவாளா என்ற மூன்று ஊர்ப் பெயர்களின் முதலெழுத்து. அதற்குள்ளேயே முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என்று பிரிவு. அங்கேயும் அதே எண்ணில் மெயின், இங்கேயும் அதே எண்ணில் மெயின். டெலிவரி பையன் நாள் முழுக்க வெயிலில் சுற்றுகிறான், வரைபடம் காட்டிய முதல் கேட்டில் நிற்கிறான்.

ஆகவே பெட்டி கைக்கு வந்ததும் பெயர், ஸ்டேஜ், பின்கோடு மூன்றையும் படியுங்கள். எங்களுக்கு 560029, இரண்டாம் ஸ்டேஜுக்கு 560076. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்ததே ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்கத்தான். பாதி மர்மம் அந்த ஆறு எண்ணிலேயே தீர்ந்துவிடும். டெலிவரி பையன் படியிறங்குவதற்குள் பார்த்துவிட்டால் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறொருவர் பார்சலுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

"கேட்டு வருவாங்க" என்று வைத்திருப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

நான் இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் வருடம். ஒரு சாயங்காலம் கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி ஒரு துணிப் பார்சலை நீட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, நீல மார்க்கரில் ஆங்கிலத்தில் முகவரி எழுதியிருந்தது. எங்கள் ஃப்ளாட் எண்தான். பெயர் மட்டும் கேள்விப்படாத பெயர். "பர்தாரே மேடம், இட்கொள்ளி" என்றார். வருவார்கள், வைத்துக்கொள்ளுங்கள் என்று. சரி, பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துப் போய் பீரோ மேல் வைத்தேன். பத்திரமாகத்தான் இருந்தது. ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஒட்டடை அடிக்கும்போது அதை நகர்த்தினேன். அடிப்பக்கத்தில் தமிழில், நடுங்கும் கையெழுத்தில், அனுப்புநர் பெயரும் கோவில்பட்டி முகவரியும் ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. ஒன்பது நாளும் அந்த எண் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் பார்சலை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

போன் போட்டேன். ஒரு வயதான அம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "எம்மா, கொரியர்காரன் குடுத்தாச்சுங்கான், எம்மக வரலைங்கா. நான் யாரத்தான் நம்ப? தெனமும் அங்க போயி சத்தம் போட்டுட்டு வாரேன்."

அன்றைக்கே ஆட்டோ பிடித்து இரண்டாம் ஸ்டேஜுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண்ணின் தோளில் பச்சைக் குழந்தை. என் எதிரிலேயே கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். உள்ளே பிரசவ லேகியம் ஒரு டப்பா, அங்காயப் பொடி ஒரு பொட்டலம், பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓரம் நைந்த ஒரு பச்சை நூல் சேலை. அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பாட்டியின் சேலை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் தூளி கட்டுவார்களாம், அவளையும் அதில்தான் போட்டார்களாம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், வர முடியவில்லை, அதனால் சேலையை அனுப்பியிருக்கிறார். பதினாறாம் நாள் தொட்டில் போடுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்பியது. தொட்டில் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. புதுத் துணியில் கட்டியிருந்தார்கள்.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, காபி கொடுத்தாள். அந்தப் பகுதிக்கு டெலிவரி செய்யும் பையனின் சம்பளத்தில் 2,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன், பணம் அவனுக்குத் திரும்பியது. அந்தப் பதினாறாம் நாளுக்கு யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது?

புரிய வேண்டியது இதுதான். பார்சலுக்கு உரியவர் கேட்டு வரமாட்டார், ஏனென்றால் அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நம் கைக்கு வந்த நொடியில் கம்ப்யூட்டரில் அது 'டெலிவர்டு' ஆகிவிடுகிறது. அனுப்பியவர் கணக்கில் சேர்ந்துவிட்டது, கொரியர் கணக்கில் முடிந்துவிட்டது. வாங்க வேண்டியவர் ஒருவர்தான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார், அவரை யாரும் நம்பமாட்டார்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பல பொருள்களுக்கு அது ஏழு நாள்தான். நாம் ஒரு வாரம் பத்திரமாக வைத்திருந்தால் அவர் உரிமையும் முடிந்துவிடும்.

சட்டமும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதில்லை. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைப்பது குற்றமில்லை. யாருடையது என்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும், தனதாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை, கூடவே அபராதம். பீரோ மேல் மறந்துபோன பெட்டி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் "யாரும் வரலையே" என்று பிரித்துப் பயன்படுத்தும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: வந்த அன்றே, விளக்கு வைப்பதற்குள். பெட்டியின் ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பெறுநர் எண் இருந்தால் அவருக்குப் போன். இப்போதெல்லாம் லேபிளில் பெறுநர் எண்ணை மறைத்துவிடுகிறார்கள், அப்படியானால் அனுப்புநருக்கு. இரண்டும் இல்லையென்றால் டிராக்கிங் நம்பரைச் சொல்லி கொரியருக்கு, "தவறான முகவரியில் கொடுத்துவிட்டீர்கள், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று. புகார் எண் வாங்கி, அதை லேபிள் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். இரண்டு நாளில் வரவில்லை என்றால் மறுபடி போன். இவ்வளவும் சேர்த்துப் பதினைந்து நிமிட வேலை.

ஓடிபி சொல்வது

உங்களுடையதே இல்லாத பார்சலுக்கு உங்கள் போனில் வந்த எண் எதற்கு? யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். "தப்பாக வந்துவிட்டது, கேன்சல் செய்ய ஒரு கோடு வரும்" என்று போனில் கேட்பவர் கொரியர்காரர் இல்லை. நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது எண்ணை அழுத்தச் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளைத் தன் போனுக்குத் திருப்பிக்கொள்ளும் பழைய வித்தை அது. 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வசதியையே நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட வேண்டியிருந்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன்.

பக்கத்து வீட்டுக்காகப் பணம் கட்டி வாங்குவது

அந்த வீட்டுக்காரர் போனில் சரி சொன்னால் மட்டும் கட்டுங்கள்.

லேபிளைப் படம் பிடித்துக் குழுவில் போடுவது

உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் 48 வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. காலி செய்து போனவர்கள், புரோக்கர், தண்ணீர் லாரிக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் முழுப் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் மூன்றும் ஒரே படத்தில் அங்கே போய் உட்காருவது நல்லதில்லை. அதோடு, படத்தைப் பார்த்த யாரும் வந்து "என்னுடையதுதான்" என்று சொல்லலாம், விவரம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறதே.

"இந்த முதலெழுத்தில் தொடங்கும் பெயருக்கு ஒரு பார்சல்" என்று மட்டும் எழுதுங்கள். வருபவரிடம் எங்கிருந்து வர வேண்டியது என்று கேளுங்கள், போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேளுங்கள். உரியவருக்கு இதில் வருத்தம் வராது. வருத்தப்படுகிறவருக்குக் கொடுப்பதற்கு முன் நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுப்பது

தேடலில் முதலில் வரும் எண் பெரும்பாலும் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் அச்சாகியிருக்கும் எண், அல்லது அந்த நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கும் எண். வேறு எதுவும் வேண்டாம். "திருப்பி எடுக்க அஞ்சு ரூபாய் கட்டுங்க" என்று லிங்க் அனுப்பினால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

தபாலையும் கொரியரையும் ஒன்றாக நினைப்பது

டிராக்கிங் நம்பர் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் ஐ.என். என்று இருந்தால் அது இந்தியத் தபால். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. ஆகவே கோர்ட் நோட்டீஸானாலும் வேலை உத்தரவானாலும் இப்போது ஸ்பீடு போஸ்ட் ஸ்டிக்கரோடுதான் வரும். அதை விளம்பரக் கவர்களோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

தபாலுக்கு வழி சுலபம். கவர் மேல் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதித் தேதி போட்டு, மறுநாள் போஸ்ட்மேனிடமே கொடுங்கள். அவர் வராவிட்டால் பக்கத்துத் தபால் நிலையம். விசாரிக்க 1800 266 6868. தபாலை வைத்துக்கொண்டால் 1898ஆம் ஆண்டு சட்டத்தில் இரண்டு வருடம் வரை தண்டனை இருந்தது. 2023இன் புதிய தபால் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அதனால் பரவாயில்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மேலே சொன்ன 314 அங்கேயேதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

வங்கிக் கவர், பாஸ்போர்ட்

குழுவிலும் போடக்கூடாது, தெரிந்தவர் என்று யாரிடமும் கொடுத்தனுப்பக்கூடாது. வந்த வழியே திரும்பட்டும். சேராத பாஸ்போர்ட் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போய்விடும், உரியவர் அங்கே வாங்கிக்கொள்வார்.

நம் பெயரில், நாம் கேட்காமல் வந்தது

உள்ளே இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள்.

கையெழுத்து இல்லாமல் கொடுப்பது

"குடுத்துட்டேனே" என்ற வார்த்தைக்கு ஒரு மாதம் கழித்து மதிப்பு இல்லை. பெயர், தேதி, நேரம், கையெழுத்து. கொரியர் பையன் திருப்பி எடுத்துப் போனாலும் அவன் கையெழுத்து வேண்டும், பெட்டியின் படமும் வேண்டும். இது அவனுக்கும் காவல்.

மூன்றாவது மாடிப் பெட்டியை அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தோம். பின்கோடு 560076. ஈரத்தில் எழுத்து கலைந்திருந்தாலும் அனுப்பிய கடையின் எண் தெரிந்தது, சேலத்தில் ஒரு புத்தகக் கடை. தம்பியே பேசினான். அரைமணி நேரத்தில் அந்தப் பெண் அழைத்தாள், தேர்வுக்குப் படிக்கிற பெண், ஏழு நாளாகக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்கூட்டரில் வந்தாள். ஊறிய மூலையில் இருந்த இரண்டு புத்தகங்களின் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. அந்தத் தம்பி ஃபேனுக்கு அடியில் வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தான். நோட்டில் அவள் கையெழுத்துப் போட்டபோது மணி 7.20.