ஒரே ஒரு விண்டோஸ் லப்டொப்பை வைத்துக்கொண்டு எல்லா பிரவுசரிலும் தளத்தைச் சோதிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் பலகாரக் கடை நடத்தும் அண்ணை ஒருவருக்கு ஓடர் எடுக்கும் இணையப் பக்கம் ஒன்று செய்துகொடுத்தேன். கொடுப்பதற்கு முன் குரோமில் பார்த்தேன், எட்ஜில் பார்த்தேன், பிரேவில் பார்த்தேன், என்னுடைய சாம்சங் போனிலும் பார்த்தேன். எல்லாம் சரி. அடுத்த நாள் காலையில் அழைப்பு வந்தது: "தம்பி, நீர் செய்த பக்கம் வெறும் வெள்ளையாக் கிடக்குது. ஒண்டும் தெரியேல்லை."

அவர் வைத்திருந்தது ஐபோன் 7. நான் நான்கு இடத்தில் சோதித்ததாக நினைத்திருந்தேன். உண்மையில் ஒரே இடத்தில்தான் நான்கு தரம் சோதித்திருக்கிறேன். ஏன் அப்படி என்பதிலிருந்து தொடங்குவோம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும்.

படி 1: பிரவுசரை எண்ணாதீர்கள், இயந்திரத்தை எண்ணுங்கள்

ஒவ்வொரு பிரவுசருக்குள்ளும் பக்கத்தை வரைந்து காட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலும் புழங்குவது மூன்றுதான். குரோம், எட்ஜ், ஒபேரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது ப்ளிங்க். ஃபயர்ஃபொக்ஸுக்குள் கெக்கோ. சஃபாரிக்குள் வெப்கிட். 2013 வரை குரோமும் வெப்கிட்டில்தான் ஓடியது. அந்த ஆண்டு கூகுள் அதிலிருந்து பிரிந்து ப்ளிங்க்கைத் தொடங்கியது. மைக்ரோசொஃப்ட் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு 2020 ஜனவரியில் எட்ஜையும் அதே பக்கம் கொண்டுவந்தது. ஆகவே குரோமில் பார்த்த பிறகு எட்ஜிலும் பார்ப்பது, ஒரே கடையில் முன்வாசலால் ஒருதரம் பின்வாசலால் ஒருதரம் போய்வந்த மாதிரி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஐபோனில் குரோம் போட்டாலும் ஃபயர்ஃபொக்ஸ் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆப்பிளின் விதி அது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தளர்த்தினார்கள்; கொழும்பில் இருக்கும் நமக்கு அதனால் பயனில்லை. அதோடு, அந்த வெப்கிட் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும். ஐபோன் 7 ஐஓஎஸ் 15இல் நின்றுவிட்டது. அதில் குரோமை எத்தனை தரம் அப்டேட் செய்தாலும் இயந்திரம் பழையதுதான்.

படி 2: யார் திறக்கப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

எல்லாவற்றிலும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அனலிட்டிக்ஸில் (வருகிறவர்களின் புள்ளிவிவரத்தில்) பாருங்கள். புதிய தளம் என்றால் வாடிக்கையாளரிடமே கேளுங்கள்: கடைக்கு வருபவர்கள் கையில் என்ன போன், கணக்கு எழுதும் பிள்ளை எந்தக் கணினியில் வேலை செய்கிறது, வெளிநாட்டில் இருந்து ஓடர் வருமா. பலகாரக் கடைக்கு என் பட்டியல் இப்படி வந்தது: விலை குறைந்த அன்ட்ரொய்ட் போனில் குரோம், பழைய ஐபோனில் சஃபாரி, கடை மேசையில் இருக்கும் விண்டோஸ் கணினி, டொரோண்டோவில் இருக்கும் பிள்ளைகளின் மெக்புக். நாலு வரி. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை யாராவது கேட்டால், 2022 ஜூனிலேயே மைக்ரோசொஃப்ட் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: கருவிகளைச் சேருங்கள்

குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். சிக்கல் சஃபாரிதான். விண்டோஸுக்கான சஃபாரி என்று இணையத்தில் இன்னும் ஒன்று கிடைக்கும். அது 2012இல் நின்றுபோன 5.1 பதிப்பு, தொடாதீர்கள். மெக் இயங்குதளத்தை விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினியாகப் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஆப்பிளின் உரிம விதி அதற்கு இடம் தராது.

இதற்கு நான் பயன்படுத்துவது மைக்ரோசொஃப்டின் பிளேரைட். தானியங்கிச் சோதனைக்கான கருவி என்றாலும், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் வெப்கிட் ஒன்றை அது கொண்டுவருகிறது. நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) நிறுவியிருந்தால், டெர்மினலில் (கட்டளை எழுதும் ஜன்னலில்) பிளேரைட்டின் 'இன்ஸ்டோல் வெப்கிட்' கட்டளையை ஒருதரம் ஓட்டுங்கள். பிறகு 'டபிள்யூகே' என்ற இரண்டெழுத்துக் கட்டளையோடு உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் வெப்கிட் ஜன்னல் ஒன்று திறக்கும். அது அசல் சஃபாரி இல்லை. எழுத்துரு, வீடியோ விஷயங்களில் வேறுபடும். ஆனால் பத்தில் ஏழு பிழையை என் மேசையிலேயே காட்டிவிடுகிறது. இந்தக் கணக்கு என் அனுபவம் மட்டும்தான்.

மிச்சத்துக்கு அசல் போன் வேண்டும். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா பக்கம் போனால் பழைய போன் விற்கும் கடைகள் இருக்கின்றன. திரையில் கீறல் விழுந்த போன் சோதனைக்குத் தாராளம். வாங்க வசதியில்லை என்றால் மாமியிடமோ பக்கத்து வீட்டிலோ அரை மணி நேரம் கடன் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. குரோமின் டெவ்டூல்ஸில் (பக்கத்தை ஆராயும் பகுதியில்) 'ஐபோன்' என்று தெரிவு செய்தால் திரை சின்னதாகும், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது ப்ளிங்க்கேதான். அகலம் சரிபார்க்க அது நல்லது. "ஐபோனில் பார்த்துவிட்டேன்" என்று சொல்ல அது போதாது.

படி 4: லப்டொப்பில் இருக்கும் தளத்தைப் போனில் திறப்பது

போனும் லப்டொப்பும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். விண்டோஸ் டெர்மினலில் 'ஐபிகொன்ஃபிக்' கட்டளையைக் கொடுத்தால், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று வரும். போனில் 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கணினி என்று சொல்லும் முகவரி) என்பதற்குப் பதிலாக அந்த எண்ணையும், முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் அதே போர்ட் எண்ணையும் போடுங்கள்.

திறக்கவில்லையா? மூன்று காரணம் இருக்கலாம். சில சேர்வர்கள் லப்டொப்புக்குள் இருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். 'வீட்' என்ற சேர்வர் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் 'ஹோஸ்ட்' என்ற சேர்க்கையோடு ஓட்டவேண்டும். அடுத்தது விண்டோஸ் ஃபயர்வோல். அனுமதி கேட்டபோது நீங்கள் 'கேன்சல்' அழுத்தியிருப்பீர்கள். மூன்றாவது, கோப்பிக் கடை வைஃபை. அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பது வழக்கம். அப்போது போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு லப்டொப்பை அதில் இணையுங்கள், வேலை முடிந்தது.

கமரா, இருப்பிடம் போன்றவை இப்படி எண் முகவரியில் வேலை செய்யாது. எச்டிடிபிஎஸ் முகவரியிலோ லோக்கல்ஹோஸ்டிலோதான் பிரவுசர் அவற்றை அனுமதிக்கும். அன்ட்ரொய்ட் என்றால் யூஎஸ்பி வயரால் இணைத்து, லப்டொப் குரோமின் முகவரிப் பட்டையில் குரோம் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, இன்ஸ்பெக்ட் என்று போடுங்கள். போர்ட்டை அங்கிருந்தே போனுக்குக் கடத்தலாம். போனில் திறந்திருக்கும் பக்கத்தின் கொன்சோலையும் (பிழைச் செய்திகள் வரும் இடம்) லப்டொப்பிலேயே பார்க்கலாம்.

படி 5: வெள்ளைப் பக்கத்தின் காரணத்தைப் பிடிப்பது

ஐபோனின் கொன்சோலைப் பார்க்க வழக்கமான வழி மெக் கணினி. அது இல்லாதபோது நான் செய்தது இது. பக்கத்தின் தலையில், மற்ற எல்லா ஸ்கிரிப்டுக்கும் முன்னால், தனியாக ஐந்தே வரியில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று: பிழை வந்தால் 'விண்டோ ஒன்எரர்' அதைப் பிடித்து, செய்தியையும் வரி எண்ணையும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதவேண்டும். அந்த ஐந்து வரியையும் பழைய ஜாவாஸ்கிரிப்ட் முறையிலேயே எழுதுங்கள். பிழையைப் பிடிக்கிற ஸ்கிரிப்டே பழைய போனில் விழுந்தால் கதை முடிந்தது.

அண்ணையின் போனில் மறுபடி திறந்தோம். இந்த முறை வெள்ளைக்கு நடுவில் எழுத்து வந்தது: "இன்வாலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இன்வாலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்."

விலையில் காற்புள்ளி போட, 1250 என்பதை 1,250 ஆக்க, எங்கோ பார்த்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு) ஒன்றை அப்படியே கொப்பி பண்ணியிருந்தேன். அதில் 'லுக்பிஹைண்ட்' என்ற முறை இருந்தது. "இதற்கு முன்னால் புள்ளி வந்திருக்கக் கூடாது" என்று பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வது. குரோம் 2017இலேயே அதைப் புரிந்துகொண்டது. சஃபாரி புரிந்துகொண்டது 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பில்தான். ஐஓஎஸ் 15க்கு அது அந்நிய பாஷை. இதில் மோசம் என்னவென்றால், இது ஓடும்போது வரும் பிழை இல்லை, வாசிக்கும்போதே வரும் பிழை. கோப்பில் அப்படி ஒரு வரி இருந்தால் மொத்தக் கோப்பையும் பிரவுசர் ஒதுக்கிவிடும். என் பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட்தான் கட்டியது, ஆகவே திரை வெள்ளை. புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய முறைக்கு மாற்றும் பேபல் போன்ற கருவிகளும் இதை மாற்றித் தராது.

அந்த வரியை எடுத்துவிட்டு, எண்ணுக்குக் காற்புள்ளி போட்டுத் தரும், பிரவுசரிலேயே இருக்கும் 'இன்ட்ல் நம்பர்ஃபோர்மட்' போட்டேன். பத்து நிமிட வேலை. கண்டுபிடிக்க ஒன்றரை நாள் போயிற்று.

புதிய வசதி எதையாவது பயன்படுத்துமுன் 'கேன் ஐ யூஸ்' தளத்திலோ எம்டிஎன் என்ற வழிகாட்டித் தளத்திலோ பெயரைப் போட்டு, எந்தப் பதிப்பிலிருந்து வேலை செய்கிறது என்று பாருங்கள். பிறகு படி 2இல் எழுதிய தாளைப் பாருங்கள். "சஃபாரியா? அப்படியென்றால் இதைச் செய்" என்று பிரவுசரின் பெயரைக் கேட்டுக் கோட் எழுதாதீர்கள். அந்த வசதி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். சிஎஸ்எஸ்ஸில் அதற்கு 'சப்போர்ட்ஸ்' விதி இருக்கிறது.

படி 6: ஒவ்வொரு கருவியிலும் ஒரு முழு ஓடர் போடுங்கள்

முகப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பொருளைத் தெரிந்து, பெயர் எழுதி, திகதி போட்டு, கடைசிப் பொத்தான் வரை போங்கள். நான் குறிப்பாகப் பார்ப்பவை இவை.

முதலில் தமிழ் எழுத்து. நமக்கு இதுதான் பெரிய தலையிடி, ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது. நீங்கள் எழுத்துரு எதுவும் கொடுக்காவிட்டால் விண்டோஸ் நிர்மலா யூஐயில் காட்டும், ஐபோனும் மெக்கும் தமிழ் சங்கம் எம்என்னில் காட்டும், அன்ட்ரொய்ட் பொதுவாக நோட்டோ சான்ஸ் தமிழில் காட்டும். மூன்றும் மூன்று அகலம், மூன்று உயரம். என் லப்டொப்பில் ஒரே வரியில் அழகாக உட்கார்ந்திருந்த 'உறுதிப்படுத்துக' பொத்தான், போனில் கடைசி 'க'வை மட்டும் கீழே தள்ளியிருந்தது. 'விழுது' என்ற சொல்லில் 'ழு'வின் வால் வெட்டுப்பட்டிருந்தது. வரி உயரம் 1.2 என்று வைத்ததன் வினை. இப்போது நோட்டோ சான்ஸ் தமிழைத் தளத்தோடேயே அனுப்புகிறேன், வரி உயரம் 1.6. பொத்தானுக்கு உயரத்தை பிக்சலில் பூட்டாமல் மேலும் கீழும் இடைவெளி மட்டும் கொடுக்கிறேன். பக்கம் மும்மொழியில் என்றால் சிங்களத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்து, பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், அதைத் தொட்டவுடன் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். அடையாள அட்டை எண் பெட்டியை 'நம்பர்' வகையாக வைக்காதீர்கள். பழைய அட்டையில் கடைசியில் 'வி' எழுத்து வரும்.

'100 விஎச்' (திரையின் முழு உயரம்) என்று வைத்தால், ஐபோனில் முகவரிப் பட்டையையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அடியில் இருக்கும் பொத்தான் மறைந்துபோகும். 'டிவிஎச்' அலகு அதற்காக வந்தது, சஃபாரி 15.4இலிருந்து இருக்கிறது. பழையதுக்கு விஎச் வரியை முதலில் எழுதி, டிவிஎச் வரியை அடுத்து எழுதுங்கள். தெரியாத பிரவுசர் இரண்டாவதை விட்டுவிடும்.

திகதியும் ஒரு பொறி. ஆண்டு, மாதம், நாள் மட்டும் கொண்ட திகதியை ஜாவாஸ்கிரிப்ட் உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் கொழும்பில் பிழை தெரியாது. ஜனவரி 15க்குப் போட்ட ஓடரை டொரோண்டோவில் இருக்கும் மகள் திறந்தால் 14 என்று காட்டும். குரோம் டெவ்டூல்ஸில் 'சென்சர்ஸ்' பகுதிக்குப் போய் இருப்பிடத்தை சான் பிரான்சிஸ்கோ என்று மாற்றிப் பாருங்கள், உங்கள் மேசையிலேயே நாள் பின்னுக்குப் போகும்.

படி 7: இயங்குதளம் செய்யும் குறும்பு

விண்டோஸில் ஓடிய தளம் சேர்வரில் ஏற்றியவுடன் படங்கள் இல்லாமல் நின்றால், கோப்பின் பெயரைப் பாருங்கள். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, அதை அழைக்கும் கோட் வரியில் சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, பெரும்பாலான சேர்வர்களில் ஓடும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்துவிடுங்கள். கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பயன்படுத்தினால், ஏற்கெனவே வைத்ததை மாற்றும்போது 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்காமலே விடலாம். வரி முடிவுக் குறியும் இரண்டிலும் வேறு. 'கிட்அட்ரிபியூட்ஸ்' கோப்பு ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். லினக்ஸை ஓட்டிப் பார்க்க வேறு கணினி வேண்டாம், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது.

படி 8: திரும்பத் திரும்பச் செய்வதைப் பிளேரைட்டிடம் விடுங்கள்

ஓடர் போடும் வழி ஒருமுறை ஒழுங்காக ஓடியதும், அதையே பிளேரைட் சோதனையாக எழுதுங்கள். புதிதாகத் தொடங்கும்போது அது தரும் அமைப்புக் கோப்பிலேயே குரோமியம் (குரோமின் அடிப்படை), ஃபயர்ஃபொக்ஸ், வெப்கிட் மூன்றும் இருக்கும். 'கோட்ஜென்' கட்டளையைக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் சொடுக்கச் சொடுக்க, அது சோதனைக்கான கோட் எழுதித் தரும். முதல் சோதனையை அப்படி எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆனால் பிளேரைட்டில் இருப்பது புதிய வெப்கிட். என் காற்புள்ளி வரியை அது சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். அண்ணை புது போன் வாங்கியபோது அந்த ஐபோன் 7ஐ என்னிடமே தந்துவிட்டார். பற்றரி ஒரு மணி நேரம்தான் நிற்கும், அதனால் புதிய பதிப்பு ஏற்றும் நாளில் காலையிலேயே சார்ஜில் போட்டுவிடுகிறேன்.