வௌவாலையும் பாக்டீரியாவையும் ஒப்பிடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வௌவால் சிற்றினத்தையும் ஒரு பாக்டீரியா சிற்றினத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில் இடறுகிறார்கள். ஒன்று பாலூட்டி, மற்றொன்றுக்கு உட்கருவே இல்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு திரிபை முழுச் சிற்றினமாக எண்ணுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். திரிபு என்பது ஒரு சிற்றினத்துக்குள் உள்ள ஒரு வகை மட்டுமே. மதிப்பீட்டுக்கு வந்த ஓர் ஆய்வேட்டில் ஈ. கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) என்று எழுதியிருந்த இடமெல்லாம் உண்மையில் கே-12 என்ற ஆய்வகத் திரிபு மட்டுமே. 1997இல் வரிசைப்படுத்தப்பட்ட அதன் மரபணுத்தொகுதியில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் நீளத்தை அளக்கும் அலகு). அதை வைத்து, ‘ஈ. கோலையால் இது முடியும், இது முடியாது’ என்று பக்கம் பக்கமாகத் தீர்ப்பு. வழிகாட்டியும் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்!

இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஓ157:எச்7 திரிபை எடுத்தால் 55 லட்சம் கார இணைகள். கே-12இல் இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். 2002இல் மூன்று ஈ. கோலை திரிபுகளின் புரதங்களை ஒப்பிட்டபோது, மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை மொத்தத்தில் 40 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த இரு வௌவால்களிடம் மரபணுப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. பாக்டீரியாவிலோ பிளாஸ்மிடுகளும் (செல்லுக்குச் செல் தாவக்கூடிய சிறு டிஎன்ஏ வளையங்கள்) பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் மரபணுக்களைக் கொண்டுவந்து சேர்ப்பதால் பட்டியலே மாறிவிடுகிறது. அந்த மாணவர் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஒரு பருவமே வீண்.

பல திரிபுகளை எடுங்கள். எல்லாவற்றிலும் உள்ள மரபணுக்களையும் சிலவற்றில் மட்டும் உள்ளவற்றையும் தனித்தனியாகப் பிரித்த பிறகு வௌவாலிடம் வாருங்கள். ஒரே திரிபுதான் கிடைத்தது என்றால், அட்டவணையின் தலைப்பிலேயே அதன் பெயர் இருக்கட்டும்.

இரண்டுக்கும் ஒரே அளவுகோல்

மரபணுத்தொகுதிகள் சராசரியாக 95–96 விழுக்காடு ஒத்திருந்தால் ஒரே பாக்டீரியா சிற்றினம் என்பது வழக்கம். அதைப் பாலூட்டிகளுக்குப் பொருத்தினால் மனிதனும் சிம்பன்சியும் ஒன்றாகிவிடும். வௌவால் தரப்பில் இனக்கலப்பு, உருவம், குரல் எல்லாமே சாட்சி. ஐரோப்பாவில் ஒன்றெனக் கருதப்பட்ட பிப்பிஸ்ட்ரெல் வௌவால், 45, 55 கிலோஹெர்ட்ஸ் என்று இரு ஒலிகள் பிடிபட்ட பிறகுதான் இரண்டு சிற்றினங்களாகப் பிரிந்தது.

இருபது நிமிடத்தில் இரட்டிப்பு

ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்று எழுதுவார்கள். அது சத்து நிறைந்த ஆய்வக ஊடகத்தில் மட்டும். குடலில் அந்த வேகம் கிடையாது.

நிபாவை இழுத்து வருவது

வௌவால் என்றதும் நிபா நினைவுக்கு வரும், ஆனால் அது வைரஸ். வௌவால்களைத் தாக்கும் வெள்ளை மூக்கு நோய்க்குக் காரணம் பூஞ்சை. இரண்டுமே பாக்டீரியா அல்ல என்பதால் இங்கே வேலையில்லை.

ஆயுட்காலம்

சிறிய பழுப்பு வௌவால் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருக்கிறது. பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவது. அட்டவணையில் பாக்டீரியாவின் ஆயுளுக்கான கட்டத்தில் எண்ணை எழுதாமல் ஒரு கோடு போடுங்கள்.