அடுத்த ஆண்டின் எண்ணை அடகு வைக்கும் முன்: ஃபுட்டி அணி கட்டும் செய்முறை

மெல்பர்னில் அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் வேலை சற்று மெதுவாகத்தான் நகரும். ‘ஃபுட்டி’ எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் லீக்கான ஏஎஃப்எல்லின் இறுதிப் போட்டி முடிந்து, கிளப்புகள் வீரர்களைக் கைமாற்றும் டிரேட் காலம் தொடங்கியிருக்கும். நாங்களும் ஆளுக்கொரு கிளப்பை எடுத்துக்கொண்டு, அதன் பட்டியல் மேலாளராக நடித்துப் பேரம் பேசுவோம். 2021-இல் எனக்குக் குலுக்கலில் விழுந்தது எஸென்டன். ஊரடங்கு என்பதால் அந்த ஆண்டு எல்லாம் கணினித் திரையில்தான். அந்தப் பேரத்தில் நான் அசடு வழிந்த கதை நான்காம் படியில் வருகிறது. அவசரமென்றால் நேரே அங்கே போய்விடுங்கள்.

ஆட்ட விதிகளை இங்கே விளக்கப்போவதில்லை. கிளப்புகள் 18, களத்தில் ஒரு அணிக்கு 18 பேர், கடைசி இடத்தில் முடித்த கிளப் நவம்பர் டிராஃப்டில் முதலில் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும். இந்தத் தேர்வு வரிசை எண்ணையும் கிளப்புகள் கைமாற்றிக்கொள்ளும்; எண் சிறியதென்றால் மதிப்பு பெரியது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: வயதை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் நட்சத்திர வீரர்களின் பெயரை எழுதுகிறார்கள். வேண்டாம். இடது ஓரத்தில் வயது, அடுத்து ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அதற்கடுத்து ஆடும் இடம், கடைசியில் பெயர். வயது வரிசையில் அடுக்கினால் ஓட்டை தானே தெரியும். 30-ஐத் தாண்டிய தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர், அவர்களுக்குக் கீழே 20 வயதுப் பையன்கள், நடுவில் ஒருவருமில்லை என்றால், நீங்கள் வாங்க வேண்டியது 25 வயதுத் தடுப்பாட்டக்காரரை. கோல் அடிப்பவரை அல்ல.

இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. இரண்டைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். லிப்ரேஆபிஸ் விரிதாள் ஒன்று போதும். வதந்திக் கணக்குகளைப் பின்தொடர்வதையும் விட்டுவிடுங்கள். பத்தில் எட்டு, வீரரின் முகவர் விலையை ஏற்றக் கிளப்பிவிட்ட புகை என்பது என் கணிப்பு.

வயதானவரை வாங்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. ஹாத்தார்ன் 2012 முடிவில் பிரையன் லேக்கை வாங்கியபோது அவருக்கு வயது 30. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே. பர்கோய்ன், கிப்சன், ஹேல், கன்ஸ்டன் என்று வேறு கிளப்புகளிலிருந்து வந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பந்தி தயார், ஊறுகாய்தான் பாக்கி. அந்த நிலையில் 30 வயதுக்காரர் சரியான கொள்முதல்.

படி 2: சம்பளக் கணக்கு

ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. இதை மறந்தால் என்னவாகும் என்பதற்குக் கோலிங்வுட்டின் 2020 சாட்சி. இடநெருக்கடியில் ஆடம் ட்ரெலோரை வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கும், ஜெய்டின் ஸ்டீபன்சனை நார்த் மெல்பர்னுக்கும், டாம் பிலிப்ஸை ஹாத்தார்னுக்கும் அனுப்பினார்கள். பிலிப்ஸுக்கு ஈடாக வந்தது 65-ஆம் எண் தேர்வு மட்டுமே. ட்ரெலோர் போன பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கோலிங்வுட்டே கொடுத்தது. பெண்ணையும் கொடுத்து, மாதாமாதம் வீட்டு வாடகையையும் கட்டிய கதை.

படி 3: வீரரின் சம்மதம்

அமெரிக்க விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. ஒப்பந்தத்தில் உள்ள ஏஎஃப்எல் வீரரை அவர் சம்மதமின்றி அனுப்ப முடியாது. ஆகவே “யார் வேண்டும்” என்று கேட்காமல் “யார் வரச் சம்மதிப்பார்” என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள். தாய் தந்தை இருக்கும் ஊருக்குத் திரும்ப நினைப்பவர், முதல் அணியில் இடம் கிடைக்காதவர், ஒப்பந்தம் முடியப்போகிறவர் ஆகியோருடன்தான் பேச்சு நகரும். ஆனால் சம்மதம் என்பது எப்போதும் மனமுவந்த சம்மதம் அல்ல. போக விருப்பமில்லை என்று ட்ரெலோர் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் போனார்.

நீண்டகாலம் ஒரே கிளப்பில் ஆடிய வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் தானாகக் கிளம்பும் வழியும் உண்டு. சில வகையில், புதிய கிளப் தரும் சம்பளத்தைத் தானும் தருவதாகச் சொல்லிப் பழைய கிளப் தடுக்கலாம். 2020-இல் ஜெரமி கேமரனை ஜீலாங் கேட்டபோது கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அப்படித்தான் மறித்தது. பேரத்துக்கு உட்கார நேர்ந்த ஜீலாங் 13, 15, 20 ஆகிய மூன்று எண்களைக் கொடுத்தது. 2022-இல் ஜீலாங் கோப்பை வென்றபோது கேமரன் அணியில் இருந்தார். விலை அதிகம் என்று அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

படி 4: எதிர்கால எண்

இங்கேதான் நான் விழுந்தேன். மெதுவாகப் படியுங்கள்.

2015 முதல் கிளப்புகள் அடுத்த ஆண்டுத் தேர்வு எண்ணையும் விற்கலாம். ஏலச்சீட்டில் முதல் மாதமே கழிவு போனாலும் பரவாயில்லை என்று சீட்டை எடுப்பதைப் போன்றது. ஒரு வித்தியாசம்: சீட்டில் மொத்தத் தொகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே நீங்கள் விற்பது எத்தனையாம் எண் என்பது அடுத்த ஆண்டு உங்கள் அணி எந்த இடத்தில் முடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதாவது உங்கள் தோல்வியை முன்கூட்டியே விற்கிறீர்கள்.

எஸென்டன் 2021-இல் எட்டாம் இடம். அடுத்த ஆண்டும் அதே இடம் என்று வைத்தேன். முதல் சுற்றில் 11-ஆம் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் லீக் வெளியிட்ட புள்ளி மதிப்பு உண்டு. அன்றைய அட்டவணையில் 11-க்கு 1329. எதிர்ப்பக்கத்து நண்பர் அந்த எதிர்கால எண்ணுக்கு ஈடாக அந்த ஆண்டின் 17, 39 இரண்டையும் கொடுத்தார். 1025 கூட்டல் 446, மொத்தம் 1471. எனக்கு 142 புள்ளி லாபம்! திரையில் கைதட்டிக்கொண்டேன்.

2022-இல் எஸென்டன் 15-ஆம் இடம். அந்த எண் 4 ஆனது. மதிப்பு 2034. லாபம் 142 என்று நினைத்தது, நஷ்டம் 563 ஆயிற்று. “எட்டாவது வந்த அணி மறுபடியும் எட்டாவது வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்று அந்த நண்பர் கேட்டார். சிறுவயது முதல் எஸென்டனைப் பார்த்துச் சலித்தவர், அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் செய்வது: மூன்று வரிசை எழுதுவேன். அணி நான்காவதாக முடித்தால், எட்டாவதாக முடித்தால், பதினைந்தாவதாக முடித்தால். மூன்றாவது வரிசையின் இழப்பைத் தாங்க முடியாது என்றால் விற்பதில்லை. பிறருடைய எதிர்கால எண்ணை வாங்கும்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: வயதான அணி, மாறப்போகும் பயிற்சியாளர், காயங்கள். அந்த எண் 1-ஐ நோக்கி இறங்க வாய்ப்பு அதிகம், உங்களுக்கு நல்லது.

உண்மையான பட்டியல் மேலாளர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். 2020-இல் எட்டாம் இடத்தில் முடித்த கோலிங்வுட், தன் 2021 முதல் சுற்று எண்ணைக் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குக் கொடுத்தது. 2021-இல் கோலிங்வுட் 17-ஆம் இடம். அந்த எண் 2.

படி 5: சில்லறையில் வாங்குவது

ஆனால் கோலிங்வுட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுக்காக ஆடிய பீட்டர் டெய்கோஸின் மகன் நிக், தந்தையின் கிளப்புக்கு முன்னுரிமை தரும் தந்தை-மகன் விதிப்படி அவர்களுக்கு வரவேண்டியவர். வேறு கிளப் அவரை ஏலம் கேட்டால், கோலிங்வுட் அதற்குச் சமமான புள்ளிகளைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பெரிய நோட்டு தேவையில்லை, சில்லறை போதும்.

கோல்ட் கோஸ்ட் 4-ஆம் எண்ணில் ஏலம் கேட்டது. மதிப்பு 2034. அன்றைய 20 சதவீதத் தள்ளுபடி போக 1627. இப்போது காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: கையில் 38, 40, 42, 44 ஆகிய எண்கள். 465, 429, 395, 362. மொத்தம் 1651. முடிந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத நான்கு எண்களால், அந்தத் தலைமுறையின் சிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவரை வாங்கிவிடலாம். நல்ல எண் ஒன்றைக் கொடுத்துச் சுமாரான எண்கள் மூன்றை வாங்கும் கிளப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். யார் வீட்டுப் பையன் அந்த ஆண்டு வருகிறான் என்று பாருங்கள்.

2-ஆம் எண்ணைக் கையில் வைத்திருந்தால் நிக்கோடு இன்னொருவரையும் எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் கட்சியும் அதுதான்.

படி 6: கடைசி நேரம்

ஒருவர் கேட்பது மற்றவரிடம் இல்லையென்றால் மூன்றாவது கிளப்பை இழுங்கள். 2022-இல் டாம் மிட்செல் கோலிங்வுட்டுக்கும், ஆலி ஹென்றி ஜீலாங்குக்கும், கூப்பர் ஸ்டீபன்ஸ் ஹாத்தார்னுக்கும் அப்படித்தான் ஒரே முடிச்சில் போனார்கள். அதே காலத்தில் பாபி ஹில்லும் கோலிங்வுட் வந்தார். அடுத்த ஆண்டு பிரிஸ்பேனை 4 புள்ளிகளில் வென்ற இறுதிப் போட்டியில் நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கு. டிரேட் முடிந்த அன்று ஹில்லைப் பற்றி எங்கள் குழுவில் பேச்சே எழவில்லை; எல்லோரும் மிட்செலைப் பற்றியே பேசினோம்.

பிற்சேர்க்கை: ஐந்தாம் படியின் கணக்கை 2025 டிராஃப்டுக்குப் போட்டால் விடை பொருந்தவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பொருந்தாது. 2025 முதல் தள்ளுபடி 10 சதவீதம், அட்டவணையும் மாறிவிட்டது, 54-க்குப் பிந்தைய எண்களுக்குப் புள்ளியே கிடையாது. என் விரிதாளில் பழைய அட்டவணையைத் தனித் தாளாக வைத்திருக்கிறேன். நீங்களும் ஆண்டைத் தலைப்பில் எழுதி வையுங்கள்.

இன்னொருவர், 2027-இன் எண்களை இப்போதே வாங்கலாமா என்று கேட்டார். டாஸ்மேனியா அணி 2028-இல் களமிறங்குகிறது. அதற்காக முன்வரிசை எண்கள் அவர்களுக்குப் போகும்போது மற்றவர்களின் எண்கள் பின்னே தள்ளப்படும். விற்பவர் 5 என்று சொன்னால், எழுதும்போது 5 என்று எழுதாதீர்கள்.