சிகாகோ பூங்காவில் டியூக் எலிங்டனைக் கேட்பது எப்படி

சிகாகோ ஜாஸ் விழாவுக்கு முதல் வருஷம் போனபோது நான் செய்த தப்பு, பாட்டைத் தேடியது. மேடையில் பதினைந்து பதினாறு பேர், பாதிப் பேர் கையில் பித்தளை வாத்தியம், எல்லாரும் ஒரே சமயத்தில் ஊதுகிறார்கள். யார் பாடுகிறார், எது பல்லவி என்று கேட்டே பழகிய எனக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. என் பையன் அப்போது பள்ளி ஜாஸ் பேண்டில் மூன்றாவது ட்ராம்போன். அவன்தான் சொன்னான்: "அம்மா, எல்லாத்தையும் கேக்காத. ஒரு ஆளைப் புடிச்சுக்கோ." இந்தக் குறிப்பில் உருப்படியான விஷயம் அதுதான். மற்றதெல்லாம் ரயில், ஜமக்காளம், புளிசாதம்.

ஜாஸ் இசையமைப்பாளரும் பேண்ட் தலைவருமான எலிங்டன் 1974 மே 24 அன்று காலமானார். சில வாரங்களில் சிகாகோ இசைக்கலைஞர்கள் கிராண்ட் பார்க்கில் கூடி அவர் நினைவாக வாசித்தார்கள். கேட்க வந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அது வருஷா வருஷம் தொடர்ந்தது. 1978இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் நினைவாக இன்னொரு குழு அதே பூங்காவில் விழா எடுத்தது. ஜாஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிகாகோவும் தன் பங்குக்கு ஒன்று நடத்தக் கிளம்ப, மூன்று கல்யாணம் ஒரே மண்டபத்தில் என்கிற நிலை. நகர நிர்வாகம் நடுவில் வந்து மூன்றையும் சேர்த்துவைத்தது. 1979இல் சிகாகோ ஜாஸ் ஃபெஸ்டிவல் பிறந்த கதை இது. இன்றும் நகரம்தான் நடத்துகிறது, இன்றும் டிக்கெட் கிடையாது. செப்டம்பர் முதல் திங்கள் இங்கே தொழிலாளர் தினம். அதை ஒட்டிய வாரக்கடைசியில் நடக்கும்.

எலிங்டன் பெயரில் தனிக் கச்சேரி ஒவ்வொரு வருஷமும் இருக்காது. நிகழ்ச்சி நிரலில் பிக் பேண்ட், அதாவது நான் முதல் வருஷம் பார்த்தது மாதிரிப் பெரிய குழு, என்றைக்கு என்று பார்த்து அந்த நாளில் போங்கள். பிக் பேண்ட் என்று ஒன்று மேடை ஏறிவிட்டால் எலிங்டன் உருப்படி ஒன்றாவது வந்துவிடும் என்பது என் அனுபவம்.

போவது எளிது. நேப்பர்வில், அரோரா பக்கம் இருப்பவர்கள் மெட்ரா பிஎன்எஸ்எஃப் ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்து கிழக்கே ஏரியைப் பார்த்து நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மில்லினியம் பார்க். விழா இப்போது நடப்பது அங்கேதான். நகருக்குள் இருப்பவர்களுக்கு வாஷிங்டன்/வாபாஷ் ஸ்டேஷன் பக்கம். கார் வேண்டாம். பார்க்கிங் காசில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

உட்காரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். பூங்காவில் உள்ள திறந்தவெளி அரங்கம், பிரிட்ஸ்கர் பெவிலியன், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. மேடைக்கு முன்னால் சுமார் 4,000 நாற்காலி, அதற்குப் பின்னால் பெரிய புல்வெளி. புல்வெளிக்கு மேலே இரும்புக் குழாய்களால் பந்தல் மாதிரி பின்னி, அதில் ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் கடைசியில் படுத்துக்கொண்டு கேட்டாலும் சத்தம் தெளிவாகவே இருக்கும். குழந்தை, தாத்தா பாட்டியோடு போனால் புல்வெளிதான் சரி. ஆனால் நான் சொல்லும் விதத்தில் கேட்க வேண்டுமென்றால் நாற்காலிக்குப் போங்கள். ஊதுகிறவர் கன்னம் தெரிய வேண்டும். அதற்கு மாலை நிகழ்ச்சி தொடங்க ஒரு மணி நேரம் முன்பாவது அங்கே இருக்க வேண்டும்.

இப்போது ஆளைப் பிடிக்கிற விஷயம். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன், அதற்குப் பின்னால் ட்ராம்போன்கள், கடைசி வரிசையில் ட்ரம்பெட்கள். பியானோ, பாஸ், டிரம்ஸ் ஒரு பக்கமாக இருக்கும். சாக்ஸபோன் வரிசையின் ஓரத்தில், இருப்பதிலேயே பெரிய சாக்ஸபோனை வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அது பாரிடோன். என் சிபாரிசு அவர்தான்.

காரணம் இருக்கிறது. எலிங்டன் வாத்தியத்துக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். நோட்டுத்தாளில் 'இரண்டாவது ட்ரம்பெட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வாசிப்பவரின் பெயரோ பட்டப்பெயரோ இருக்கும். அவருடைய பாரிடோன்காரர் ஹாரி கார்னி. 1927இல் பையனாகச் சேர்ந்தவர், கடைசிவரை விலகவில்லை. ஊர் ஊராகப் போகும்போது எலிங்டனைத் தன் காரில் உட்காரவைத்து ஓட்டிப்போனதும் அவர்தான். எலிங்டன் போன அதே 1974, அக்டோபரில் அவரும் போய்விட்டார். இன்று அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கார்னிக்காக எழுதியதைத்தான் ஊதுகிறார். மற்ற நான்கு சாக்ஸபோனும் ஒரு பக்கம் போக, பாரிடோன் மட்டும் எதிர்பாராத ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும். முதலில் அபஸ்வரமோ என்று தோன்றும். ஒரு தடவை காது பிடித்துவிட்டால், அந்த ஒன்று இல்லாமல் மொத்தமும் சப்பென்று ஆகிவிடும் என்பது புரியும்.

வீட்டில் முன்கூட்டியே இரண்டு பதிவு கேட்டுவிட்டுப் போங்கள், அது போதும். ஒன்று 1930இல் வந்த 'மூட் இண்டிகோ'. ட்ரம்பெட், ட்ராம்போன், கிளாரினெட் என மூன்றே பேர் ஆரம்பிப்பார்கள். வழக்கப்படி கிளாரினெட் மேலே, ட்ராம்போன் கீழே இருக்க வேண்டும். எலிங்டன் கிளாரினெட்டை அடிமட்டத்துக்குத் தள்ளி, ம்யூட் (ஒலியை மாற்றும் அடைப்பான்) வைத்த ட்ராம்போனை மேலே, ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். எது எந்த வாத்தியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. நான் மூன்று தடவை தப்பாகச் சொன்னேன்.

இரண்டாவது 'டேக் தி ஏ ட்ரெய்ன்', 1941. இது எலிங்டன் எழுதியதில்லை, அவரோடு இருந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. அந்த வருஷம் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் ரேடியோ நிலையங்களுக்கும் நடந்த ராயல்டி தகராறில் எலிங்டன் தன் சொந்த உருப்படிகளையே ரேடியோவில் வாசிக்க முடியாமல் போனது. ஸ்ட்ரேஹார்ன் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்பதால் இது தப்பியது, பேண்டின் அடையாள இசையாகவே ஆகிவிட்டது. அதில் ரே நான்ஸ் தனியாக வாசித்த ட்ரம்பெட் பகுதியை, அதாவது சோலோவை, இன்றும் பலர் அப்படியே வாசிப்பார்கள். உங்கள் காதில் அது ஏற்கெனவே இருந்தால், மேடையில் இருப்பவர் எந்த இடத்தில் விலகுகிறார் என்று பிடித்துவிடலாம். பெரிய சந்தோஷம் அது.

ட்ராம்போன்காரர் கையில் ரப்பர் கிண்ணம் மாதிரி ஒன்று இருந்தால் திகைக்காதீர்கள். சிங்க் அடைப்பு எடுக்கிற பிளஞ்சரேதான், கைப்பிடி மட்டும் இருக்காது. வாத்தியத்தின் வாயை அதால் மூடித் திறந்தால் யாரோ புலம்புவது போலக் கேட்கும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் புதிதாக வாங்கியது என்பதைத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லவேண்டி இருக்கிறது.

கைதட்டல்: முடியும்வரை காத்திருக்க வேண்டாம், ஒருவர் சோலோ முடித்ததும் தட்டுங்கள். பாஸ் சோலோ வந்தால் தயவுசெய்து பேசாதீர்கள். நம் ஊரில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பகலில் வெயில் கொளுத்தினாலும் ஏழு மணிக்கு மேல் ஏரிக்காற்று அடிக்கும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், டப்பாவை அடியில் புதைக்காதீர்கள். புளிசாதம் இந்த இடத்துக்கென்றே செய்தது போல, ஆறினாலும் கெடாது. தயிர்சாதம் ஒரு வருஷம் வெயிலில் புளித்துப்போய் அப்படியே திரும்பி வந்தது.

திரும்பும் ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரவில் இடைவெளி அதிகம். மேடையில் இன்னொன்று என்று கூட்டம் கத்தும்போது உங்களுக்கு நேரமாகிவிட்டால் வருத்தப்படாமல் எழுந்து நடங்கள். காற்று நம் பக்கம் இருந்தால் மிச்சிகன் அவென்யூ சிக்னல் வரைக்கும் பாரிடோன் கேட்கும்.