கொழுந்துக் கணக்கு

கோத்தகிரியில் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். பச்சைக் கொழுந்து எடைச் சீட்டுகளை அப்பா பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். நான் எக்செலில் ஏற்றினேன். ஒரே ஃபேக்டரியின் பெயரை மூன்று விதமாக அடித்திருந்ததால் மாதக் கூட்டல் சீட்டோடு ஒத்துப்போகவே இல்லை.

அடுத்து லிப்ரே ஆபிஸ் பேஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் போட்டேன். படிவம் அழகுதான், ஆனால் ஜாவா என்ற இன்னொரு மென்பொருளையும் கேட்டது. என் பழைய கணினி திணறியது.

சரி என்று எஸ்க்யூலைட் (SQLite) என்ற எளிய தரவுத்தளத்துக்கு மாறினேன். அதைத் திறக்க டிபி பிரவுசர் என்ற மென்பொருள், இரண்டும் இலவசம். ஃபேக்டரிகளுக்கு ஓர் அட்டவணை, எடைக்கு இன்னொன்று. எடை வரியில் பெயருக்குப் பதில் ஃபேக்டரி எண் மட்டும். பெயர்க் குழப்பம் அத்தோடு தீர்ந்தது.

ஒரு மழைநாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. சேமித்ததெல்லாம் அப்படியே இருந்தது, சேமிக்காத நான்கு வரிதான் போச்சு. மொத்தமும் ஒரே கோப்பு என்பதால் பென்டிரைவில் நகலெடுத்து, அந்த பிஸ்கட் டப்பாவிலேயே போட்டிருக்கிறேன்.